பிள்ளை பெற்ற களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக வைத்தியர்கள்தான் எழுதுவார்கள். நான் வைத்தியர் அல்ல, ஒரு மாமியார். என் மருமகள் விஷயத்தில் நான் விட்ட பிழையை இன்னொரு வீட்டில் இன்னொருவர் விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மருமகளுக்கு இங்கே ரொறன்ரோவில் முதற் பிள்ளை பிறந்தது. அவளுடைய தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சரக்குக் கறி காய்ச்சிக் கொடுத்து, மூன்று மாதம் நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த நாட்களிலேயே மருமகள் மெலிந்துகொண்டு வந்தாள். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, பிள்ளை தூங்கினாலும் தனக்கு நித்திரை வருவதில்லை என்றாள். "பால் குடுக்கிற உடம்பு, மெலியத்தானே செய்யும்" என்று நாங்கள் இரண்டு சம்பந்திமாரும் சொல்லிவிட்டோம்.

ஐந்தாம் மாதத்தில் எல்லாம் தலைகீழானது. சித்திரை மாதத்திலும் குளிர்கிறது என்று கம்பளிக்குள் கிடந்தாள். முகம் ஊதியது. மலச்சிக்கல், மறதி. பிள்ளை அழுதாலும் எழும்புவதற்கு நேரம் எடுத்தது. ஒரு நாள் பொறுமை இழந்து, "நாங்களும் மூண்டு பெத்தனாங்கள்தானே, இப்பிடியே படுத்துக் கிடந்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அறைக்குள் போய் அழுததை மகன் பிறகுதான் சொன்னான்.

பிள்ளையின் 6 மாத ஊசிக்குப் போனபோது, குடும்ப வைத்தியர் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தாயையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிள்ளைப்பேற்றின் பின் வரும் தைரொயிட் அழற்சி என்று தெரிய வந்தது. சோம்பலும் இல்லை, செல்லமும் இல்லை. அவளுடைய கழுத்தில் இருந்த ஒரு சிறிய சுரப்பி பாதிக்கப்பட்டிருந்தது.

இது என்ன நோய்?

தைரொயிட் சுரப்பி கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிறது. உடம்பு எவ்வளவு வேகமாக இயங்கவேண்டும் என்பதை அதன் ஹோர்மோன்கள்தான் தீர்மானிக்கின்றன. கர்ப்ப காலத்தில் வயிற்றில் உள்ள பிள்ளையைத் தாக்காதபடி தாயின் நோயெதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அடங்கியிருக்கும். பிள்ளை பிறந்ததும் அது மீண்டும் வேகம் கொள்ளும். சிலருக்கு அந்த வேகத்தில் தன் சொந்தத் தைரொயிட்டையே தாக்கத் தொடங்கிவிடும். யப்பானிய வைத்தியர் ஹக்காரு ஹஷிமோட்டோ 1912இல் விபரித்த நீண்டகாலத் தைரொயிட் அழற்சியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தாக்கப்பட்ட சுரப்பியில் சேமித்து வைத்திருந்த ஹோர்மோன் முதலில் இரத்தத்தில் கசியும். படபடப்பும் மெலிவும் அதனால் வருபவை. சேமிப்புத் தீர்ந்தபின் ஹோர்மோன் போதாமல் போகும். குளிரும் சோர்வும் மறதியும் அப்போது வருகின்றன. எல்லோருக்கும் இரண்டு கட்டமும் வருவதில்லை. கழுத்தில் நோவும் இருக்காது. அதனால்தான் இது எளிதில் பிடிபடுவதில்லை.

பிள்ளை பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கு இது வருகிறது. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் தைரொயிட் நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் கூட.

பிழை எங்கே நடக்கிறது?

என் கருத்து இதுதான். பிள்ளை பிறந்து 6 கிழமையில் தாயைப் பரிசோதிக்கிறார்கள். அதன் பிறகு ஊசி, நிறை, உயரம் எல்லாம் பிள்ளைக்குத்தான். ஆனால் இந்த நோயின் சோர்வு பெரும்பாலும் நாலாம் மாதத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். அந்த நேரத்தில் ஊரிலிருந்து வந்த தாயார் திரும்பிப் போயிருப்பார். கணவர் வேலைக்குப் போயிருப்பார். தாய் பிள்ளையுடன் தனியே இருப்பாள். அந்த மாதங்களில் முடி கொட்டுவதும் களைப்பதும் பலருக்கு இயல்பு என்பதால், நோயும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

எல்லாத் தாய்மாருக்கும் இந்தப் பரிசோதனை செய்வது வழமையில்லை. ஆகவே வாய் திறந்து கேட்கவேண்டியவர்கள் நாங்கள்தான். பிள்ளையின் 4 மாத, 6 மாத ஊசிக்குப் போகும்போது, "தாய்க்கும் சுகமில்லை, தைரொயிட் பாருங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனையில் தொடங்குவார்கள். அது தைரொயிட்டை வேலை வாங்குவதற்காக மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹோர்மோன். தைரொயிட் சோர்ந்தால் இதன் அளவு கூடும், மிஞ்சினால் குறையும். எண் கூடியிருப்பதைப் பார்த்து "தைரொயிட் கூடிவிட்டது" என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

மனச்சோர்வு என்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பிள்ளைப்பேற்றின் பின் வரும் மனச்சோர்வு வேறொரு நோய். இரண்டும் சேர்ந்தும் வரலாம், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

குளிசையும் கவனமும்

படபடப்பு உள்ள கட்டத்தில் தேவையானால் அதை அடக்க மட்டும் மருந்து தருவார்கள். ஹோர்மோன் குறைந்து தொல்லை கொடுத்தால் லெவோதைரொக்சின் குளிசை தருவார்கள். பால் கொடுக்கும் தாய் அதை எடுக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, கோப்பிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். எங்கள் பெண்கள் பலர் மூன்றையும் ஒன்றாக விழுங்குகிறார்கள். அப்படிச் செய்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. தொடங்கி 6 முதல் 8 கிழமையில் மறுபடியும் இரத்தம் பார்க்க வேண்டும்.

ஊரில் கண்டமாலைக்குக் காரணம் அயடீன் குறைவு என்று கேள்விப்பட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் கடற்பாசிக் குளிசை வாங்கிக் கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இங்கே காரணம் அயடீன் குறைவல்ல, அளவுக்கு மிஞ்சிய அயடீன் இந்த அழற்சியை மோசமாக்கலாம். பத்தியக் கறியைத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் குளிசைக்குப் பதிலாக அல்ல.

பெரும்பாலானோருக்கு ஒரு வருடமளவில் சுரப்பி தேறிவிடும். சிலருக்கு நிரந்தரமாகக் குளிசை தேவைப்படும். தேறியவர்களும் வருடத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்ப்பது நல்லது. அடுத்த பிள்ளைப்பேற்றின் பின்னும் இது வரலாம். குளிசை எடுப்பவர் மீண்டும் கர்ப்பமானால் அதை நிறுத்தாமல் உடனே வைத்தியருக்குச் சொல்லவேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

என் மருமகள் இப்போது சுகமாக இருக்கிறாள். அன்று கேட்ட கேள்விக்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கும் தெரியாதுதானே மாமி" என்றாள். இனி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. இதை வாசித்த உங்களுக்கும்தான். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், இன்றைக்கே அதன் தாயைப் பார்த்து "உனக்கு எப்படியம்மா இருக்கு?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை இடையில் மறிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.