டைமர் அணைக்கட்டும், போடுவதை நாம் பார்த்துக்கலாம்

குளிர் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்தப் பிளக் டைமரைப் பற்றித்தான் இருக்கும். சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட்டில் டைமரைச் செருகி, அதன் மேல் நம்ம சாமானைச் செருகினால், சொன்ன நேரத்துக்குத் தானே எரியும், தானே அணையும். விலை அதிகமில்லை, ஐந்து பத்து பவுண்டுக்குள் கிடைக்கும். வாங்கி வந்தவுடனே வீட்டில் எதையெல்லாம் இதில் மாட்டலாம் என்று கண் அலைய ஆரம்பிக்கும். அந்த ஆசையைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தில். அதனால் கணக்கெல்லாம் இந்த ஊர்க் கணக்கு. மற்ற நாட்டுக்காரர்களுக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

என் கட்சி ரொம்பச் சின்னது. ஒரு பொருளை அணைக்கிற வேலையை டைமரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். போடுகிற வேலையைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை யோசிக்கணும். டைமருக்குக் கண் கிடையாது. காலை ஐந்தரை ஆச்சா, கரண்ட் விட்டாச்சு, அவ்வளவுதான். எதிரில் என்ன கிடக்கிறது என்று அது பார்க்காது.

முதலில் ஹீட்டர். இதில்தான் அதிகம் பேர் இறங்குகிறார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். நாம் போர்வைக்குள் சுருண்டிருக்கும் நேரத்தில் அவர்களுக்குக் குளித்து விளக்கேற்றியாகணும். போன வருஷம் ஒரு தோழி கேட்டாள்: "அக்கா, அம்மா ரூம்ல ஃபேன் ஹீட்டரை டைமர்ல போட்டுட்டா அஞ்சரைக்கு ரூம் வெதுவெதுன்னு இருக்கும்ல? ரெண்டு நிமிஷ வேலைதானே?"

ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனால் அந்த ஹீட்டரோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். டைமர், புரோகிராமர் போல ஹீட்டரைத் தானாக ஆன் செய்யும் எந்தச் சாதனத்தோடும் இதைப் பயன்படுத்தாதீர்கள், ஹீட்டர் மூடியிருந்தாலோ தவறான இடத்தில் இருந்தாலோ தீப்பிடிக்கும் அபாயம் உண்டு என்று போட்டிருக்கும். அனேகமாக எல்லா ஃபேன் ஹீட்டர் கையேட்டிலும் இந்த வரி இருக்கும். நாம்தான் படிப்பதில்லை. இரவு அம்மா ஈர வேட்டியையோ துண்டையோ நாற்காலி முதுகில் காயப் போட்டிருப்பார். போர்வை சரிந்து ஹீட்டர் மேலேயே கிடக்கும். நாமே கையால் சுவிட்சைப் போட்டால் அதெல்லாம் கண்ணில் படும். டைமர் போட்டால் படாது. அதுவும் எல்லோரும் தூங்குகிற நேரம்.

அவளுக்கு நான் சொன்ன வழி இது. சென்ட்ரல் ஹீட்டிங் இருக்கிற வீட்டில் அதற்கே புரோகிராமர் இருக்கும், அதை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். மற்ற அறை ரேடியேட்டர்களின் குமிழைக் குறைத்து வைத்துவிட்டு அம்மா ரூமில் மட்டும் ஏற்றி விடலாம். அது போதவில்லையென்றால், டைமரும் தெர்மோஸ்டாட்டும் உள்ளேயே பொருத்திய எண்ணெய் ரேடியேட்டர்கள் கிடைக்கின்றன. அந்த டைமரோடு சேர்த்துத்தான் தயாரிப்பவர்களே அதை வடிவமைக்கிறார்கள். அப்போதும் பக்கத்தில் துணி வேண்டாம். எக்ஸ்டென்ஷன் போர்டிலும் மாட்ட வேண்டாம், நேராகச் சுவரில்தான்.

சுமையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பிளக் பாயின்ட் தாங்குவது 13 ஆம்ப். 230 வோல்ட்டுக்குப் பெருக்கினால் 3 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே. டைமரும் அதே அளவுக்குத்தான். ஆனால் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால் 13(2) என்பது போல அடைப்புக்குள் ஒரு சின்ன எண் இருக்கும். வெளியில் உள்ளது இஸ்திரிப் பெட்டி, கெட்டில் மாதிரி சூடாக்கும் சாமானுக்கு. அடைப்புக்குள் உள்ளது மோட்டார் உள்ள சாமானுக்கு. மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் உள்ளே இருக்கிற ரிலேயில் பொறி பறக்கும், அதனால்தான் அதற்குக் குறைந்த அளவு. அமெரிக்காவில் 120 வோல்ட், 15 ஆம்ப். மொத்தமே 1,800 வாட்தான், மணிக்கணக்கில் ஓடும் சாமானுக்கு அதிலும் எண்பது சதவீதம். இங்கே வாங்கிய டைமரைப் பெட்டியில் வைத்து நியூ ஜெர்ஸி தங்கைக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கே உதவாது. சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்குக் கவலையில்லை, எங்களுடைய அதே மூன்று பட்டைப் பிளக்தான். ஊரிலிருந்து வாங்கி வந்த டைமரை டிராவல் அடாப்டரில் செருகுவது மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

ஹீட்டருக்கு அடுத்தபடி அதிகம் கேட்பது வைஃபை ரௌட்டர். பிள்ளைகள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனை நோண்டுகிறார்கள், பத்து மணிக்கு ரௌட்டரையே அணைத்துவிட்டால் என்ன? அணைக்கிற வேலைதானே, உங்கள் கட்சிப்படி சரிதானே என்று கேட்பீர்கள். இங்கே இல்லை. பிரிட்டனில் பழைய செம்புக்கம்பி டெலிபோன் சேவையை 2027 ஜனவரிக்குள் முழுவதுமாக நிறுத்துகிறார்கள். பல வீடுகளில் லேண்ட்லைன் இப்போதே ரௌட்டர் வழியாகத்தான் வருகிறது. ரௌட்டர் அணைந்தால் லேண்ட்லைன் செத்தது. 999-க்கும் போகாது. வீட்டில் வயதானவர் கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் இருந்தால் அதுவும் அந்த வழியாகத்தான் பேசுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர் அந்தப் பட்டனை அழுத்தும்போது, பையன் கேம் ஆடக்கூடாது என்று நாம் அணைத்து வைத்த ரௌட்டர் குறுக்கே நிற்கக்கூடாது. தினமும் இப்படி வெட்டினால் லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்து பிராட்பேண்ட் கம்பெனியின் கணினி வேகத்தைக் குறைத்து வைப்பதும் உண்டு. இத்தனைக்கும் பிள்ளைகள் மொபைல் டேட்டாவுக்கு மாற அரை நொடி ஆகாது. பிள்ளைகளின் சாதனங்களுக்கு மட்டும் நேரம் வைக்கும் வசதி ரௌட்டரின் செட்டிங்கிலேயே பெரும்பாலும் இருக்கும். அங்கே பாருங்கள்.

ரைஸ் குக்கர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெம்புகோலைக் கீழே தட்டும் பழைய மாடலில் பாத்திரத்துக்கு அடியில் இருக்கிற காந்தம் அதைப் பிடித்து வைத்திருக்கும், கரண்ட் வந்தவுடன் சமைக்க ஆரம்பித்துவிடும். பட்டன் அழுத்தும் டிஜிட்டல் குக்கர் கரண்ட் வந்தாலும் யாராவது வந்து அழுத்தட்டும் என்று சும்மா நிற்கும். ஆக, பழசில்தான் டைமர் வேலை செய்யும், புதுசில் செய்யாது. புதுசில் டைமர் உள்ளேயே இருப்பதால் நஷ்டமில்லை. எனக்குக் கவலை சமைத்த பிறகுதான். சோறு வெந்து வார்ம் நிலைக்குப் போனதும் கரண்ட் வீணாகிறதே என்று ஒன்பது மணிக்கு டைமரால் அணைத்துவிட்டு, காலையில் அதே சோற்றை டிபன் பாக்ஸில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. சமைத்தாலும் அதன் வித்து சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை விடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒன்று 63 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் சாப்பிடுங்கள். இந்த ஊர் உணவுத் தர அமைப்பின் அறிவுரையும் அதுதான். பாட்டி பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பாரே என்றால், அது வேற கதை, வேற கட்டுரை.

இனி எங்கே உதவும் என்பதற்கு வருகிறேன். கவுன்ட்டவுன் பட்டன் உள்ள டைமரைத் தேடி வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அதுதான் சரியான ஜோடி. நாற்பது நிமிஷம் வைத்துவிட்டுச் சட்டை தேய்க்க ஆரம்பித்தால், நடுவில் ஊரிலிருந்து போன் வந்து நீங்கள் ஹாலில் உட்கார்ந்து சித்தப்பா வீட்டுக் கல்யாணக் கதை முழுவதும் கேட்டாலும் பெட்டி தானே அணைந்திருக்கும். மறதி கூடிவரும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இதை முதலில் சொல்வேன். அவர்களைக் கண்டிக்காமல், பின்னாலேயே போய் சுவிட்சைச் சரிபார்க்காமல் காரியம் நடக்கும். சில புது நீராவிப் பெட்டிகள் 3,000 வாட்டைத் தாண்டுகின்றன, அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஊரிலிருந்து சுமந்து வந்த டேபிள்டாப் கிரைண்டருக்கும் இப்படியே. மோட்டார் 150 வாட் அளவில்தான் இருக்கும், அடைப்புக்குள் உள்ள எண்ணுக்கு அடங்கும். உளுந்துக்கு நடுவில் தண்ணீர் தெளிக்க நீங்கள் வந்துதான் ஆகணும், ஆனால் குழந்தை அழுது மாடிக்குப் போனால் மாவு சூடேறும் வரை அது ஓடிக்கொண்டிருக்காது.

மின்கட்டணம் மிச்சமாகுமா என்றால், நினைக்கிற அளவுக்கு ஆகாது. டைமருக்கே அரை வாட், ஒரு வாட் வேண்டும். 2013-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்ற சாதாரண டிவிக்கு ஸ்டாண்ட்பையில் அரை வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று விதி. அரை வாட்டை மிச்சம் பிடிக்க ஒரு வாட் தின்னும் காவலாளியை வைப்பானேன்? பழைய ஆம்ப்ளிஃபயர், பழைய செட்டாப் பெட்டி என்றால் பத்து பதினைந்து வாட் தின்னும், அங்கே லாபம் உண்டு. இரவுக் கட்டணம் குறைவு என்று வாஷிங் மெஷினை டைமரில் மாட்டப் பார்ப்பவர்களுக்கு: இப்போதைய மெஷின்கள் கரண்ட் வந்தால் மட்டும் ஓடாது, அதில் இருக்கும் தாமத பட்டனைத்தான் பயன்படுத்தணும். ஆனால் தூங்கும்போது வாஷிங் மெஷின், டிரையர், டிஷ்வாஷர் ஓட விடாதீர்கள் என்றுதான் இங்கே தீயணைப்புத் துறையினர் சொல்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

போடுகிற வேலையில் எனக்கு மனசாரச் சம்மதமான ஒன்று எல்.ஈ.டி. விளக்கு. சூடாகாது, கவிழ்ந்தாலும் ஒன்றும் ஆகாது. பூஜை அலமாரி விளக்குக்கு வைக்கலாம். அதைவிட முக்கியம், ஆறு வாரம் ஊருக்குப் போகும்போது. ஆசியக் குடும்பங்களின் தங்கத்தைக் குறி வைத்து நடக்கும் திருட்டு பற்றி இங்கே போலீஸ் அடிக்கடி எச்சரிக்கிறது. நகை லாக்கரில் இருந்தாலும் இருட்டுவீடு அழைப்பிதழ் மாதிரி. ஆனால் ஆறு மணிக்கு விளக்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஜூலைக் கடைசியில் லண்டனில் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகும். பட்டப்பகலில் எரியும் விளக்கு யாரும் இல்லை என்பதைத்தான் சொல்லும். செப்டம்பர் தொடக்கத்தில் ஏழே முக்காலுக்கே மறைந்துவிடும். ஹாலுக்கு எட்டேகாலிலிருந்து பத்தரை, மாடிப் படுக்கையறைக்குப் பத்து இருபதிலிருந்து பதினொன்றே கால் என்று இரண்டு டைமர் வையுங்கள். ரேண்டம் பட்டன் இருந்தால் நேரத்தைக் கொஞ்சம் முன்பின் மாற்றி மாற்றிப் போடும். ஆனால் பல மாடல்களில் அது மாலை 6 முதல் காலை 6 வரைதான் வேலை செய்யும்.

செட் செய்யும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஆன், ஆட்டோ, ஆஃப் என்ற அந்த ஒரே பட்டன். ஆன் நிலையிலிருந்து ஆட்டோவுக்கு வந்தால், அடுத்த அணைக்கும் நேரம் வரை எரிந்துகொண்டே இருக்கும். ஆஃபிலிருந்து ஆட்டோவுக்கு வந்தால் அடுத்த போடும் நேரம் வரை எரியாது. டைமர் கெட்டுவிட்டது என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் நிறையப் பேர் மாட்டியிருப்பது இதில்தான். உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கு, கரண்ட் போனாலும் மணியை அது காப்பாற்றும். டிராயரில் ஒரு வருஷம் கிடந்த டைமரில் அது தீர்ந்து போய்த் திரை வெறுமையாக இருக்கும். சுவரில் செருகி சில மணி நேரம் விட்டு, ரீசெட் ஓட்டையில் ஊசி முனையால் அழுத்தினால் உயிர் வரும். ஊருக்குக் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னாலேயே செருகி, ஒரு ராத்திரி சொன்ன நேரத்துக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கிளம்பும் அன்று பெட்டி எடை பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு மணி மாறும்போது இந்த டைமர்கள் தானாக மாறாது. சிலதில் கோடைக் கால பட்டன் இருக்கும், இல்லாததில் கையால் மாற்றணும். பழைய எகானமி 7 மீட்டர் உள்ளவர்களுக்கு ஒன்று கூடுதல்: பல மீட்டர்கள் கோடையிலும் குளிர்கால நேரத்திலேயே நிற்கும். கோடையில் உங்கள் மலிவு நேரம் ஒரு மணி நேரம் தள்ளித்தான் தொடங்கும். மீட்டர் பெட்டியில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டைமரை வையுங்கள்.