ஜனாதிபதியின் தயவும் வேலை நிறுத்த உரிமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் விமானத் தொழிலாளருக்கு வேலை நிறுத்த உரிமை உண்டென்று சட்டம் கூறுகிறது. ஆயினும் அவ்வுரிமை பயன்படுமா என்பது வாஷிங்டனில் அதிகாரம் செலுத்துவோரின் சித்தத்தைப் பொறுத்தே இருக்கிறது. இவ்விபரீத நிலையைத் தொழிலாளர் நலத்தில் சிரத்தையுள்ள அனைவரும் ஊன்றி நோக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

1926-ல் ரயில்வேக்களுக்காக இயற்றப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டம், 1936-ல் விமானத் தொழிலுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. அதன்படி, பேச்சுவார்த்தை முறிந்த மாத்திரத்தில் தொழிலாளர் வேலையை நிறுத்திவிட இயலாது. சமரசத்துக்கு இனி வழியில்லையென்று தேசிய மத்தியஸ்த போர்டு கருதி, அவர்களை விடுவிக்க வேண்டும். அவ்வாறு விடுவிப்பதற்குக் காலவரையறை கிடையாது. போர்டின் அங்கத்தினர் மூவரையும், செனட் சபையின் சம்மதத்துடன், ஜனாதிபதியே நியமிக்கிறார். விடுவிக்கப்பட்ட பின்னரும் 30 நாள் பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகும் ஜனாதிபதி ஓர் அவசர விசாரணைக் குழுவை நியமித்தால், மேலும் 60 நாள் தடை.

இவ்வதிகாரம் பிரயோகிக்கப்பட்ட விதத்தைப் பார்ப்போம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானமோட்டிகள் வேலை நிறுத்தம் தொடங்கிய சில நிமிஷங்களுக்குள் ஜனாதிபதி கிளிண்டன் குழுவை நியமித்து அதை நிறுத்தினார். அவரே 1998-ல் நார்த்வெஸ்ட் விமானமோட்டிகள் சுமார் இரண்டு வாரம் வேலை நிறுத்தம் செய்தபோது குழுவை நியமிக்கவில்லை. 2001-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், நார்த்வெஸ்ட், யுனைடெட் ஆகிய இரு கம்பெனிகளின் மெக்கானிக்குகளையும் தடுத்தார். அவர் தந்தையோ 1989-ல், ஈஸ்டர்ன் கம்பெனி விவகாரத்தில் குழு வேண்டுமென்று போர்டே சிபாரிசு செய்தும், தொழிலாளர் வேண்டியும், மறுத்துவிட்டார். 1991 ஜனவரியில் அக்கம்பெனியே மூடப்பட்டது.

ஆகவே, கட்சியின் பெயரைக் கொண்டு ஜனாதிபதியின் போக்கை நிர்ணயிக்க முடியாது. அவர் தலையிட்டாலும் ஒரு தரப்பாருக்கு அனுகூலம். தலையிடாவிட்டாலும் ஒரு தரப்பாருக்கு அனுகூலம். இதன் விளைவு பேச்சுவார்த்தையிலேயே புலனாகிறது. ஜனாதிபதி எப்படியும் தடுத்துவிடுவாரென்று நம்பும் கம்பெனிக்கு, நியாயமான உடன்பாட்டுக்கு வர அவசரம் ஏது? தொழிலாளரும் முதலாளியுடன் பேசுவதைவிட, வாஷிங்டனின் முகக்குறிப்பைப் பார்த்திருக்க நேரிடுகிறது.

பிரயாணிகளின் கஷ்டத்தைக் காட்டி இவ்வதிகாரத்தை ஆதரிப்பாருளர். அக்கஷ்டத்தை நாம் அற்பமாக மதிக்கவில்லை. ஆனால், கஷ்டம் வேறு, தேச விபத்து வேறு. 2010-ல் ஸ்பிரிட் கம்பெனியின் விமானமோட்டிகள் ஐந்து நாள் வேலை நிறுத்தம் செய்தனர். ஜனாதிபதி ஒபாமா தடுக்கவில்லை. நாடு கவிழ்ந்துவிடவுமில்லை; இரு தரப்பாரும் தாமே உடன்பாடு கண்டனர்.

மத்தியஸ்தத்துக்குக் காலவரையறை விதிக்க வேண்டும். மெய்யான அவசரம் இன்னதென்று சட்டமே திட்டமாக வரையறுக்க வேண்டும். ஒருவர் மனம் வைத்தால் உண்டு, மனம் மாறினால் இல்லை என்பது உரிமையாகாது, அது தயவே. தயவை நம்பி எந்தத் தொழிலாளரும் சுயமரியாதையுடன் பேரம் பேச முடியாது.