பாதி என்றால் எது பாதி?

கார்த்திகை தீபத்தன்று மாலை எங்கள் திருவண்ணாமலையில் ஒரு காட்சி. மலை உச்சியில் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்பு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவார். வருடத்துக்கு ஒரே ஒரு நாள், சில நிமிடங்கள். அம்மன் தவமிருந்து இடப்பாகம் வாங்கிய ஊர் இது என்பது தலபுராணம். அதைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அத்தோடு சரி. மறுநாள் காலையில் பாதி என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில் நண்பரிடம் கேட்டேன். “பெண்கள் ஹாக்கி லீக்ல முதல் சாம்பியன் யாரு தெரியுமா?” அவர் யோசிக்கவே இல்லை. “சக் தே இந்தியா பார்த்திருக்கேன் சார். ஷாருக்கான் சூப்பர்!” என்றார். 2007-ல் வந்த சினிமா ஞாபகம் இருக்கிறது. அதிலும் ஆண் நடிகர்தான் ஞாபகம் இருக்கிறார். நிஜமாக ஜெயித்த பெண்களைத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் முதல்முறையாக நடந்தது 2025 ஜனவரியில், ராஞ்சியில். ஜனவரி 26 அன்று இறுதிப் போட்டி. ஒடிசா வாரியர்ஸ் 2-1 என்று சூர்மா அணியை வென்றது. இரண்டு கோலையும் போட்டவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ருதுஜா பிசல். ஆட்டம் முடிய நான்கே நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கோல். வெளிநாட்டு நட்சத்திரங்கள் நிறைந்த மைதானத்தில் கோப்பையை வாங்கித் தந்தது நம் நாட்டுப் பெண்.

இனி கணக்குக்கு வருவோம். ஆண்கள் லீக்கில் எட்டு அணிகள். பெண்களுக்கு நான்கு. வீரர்களை ஏலத்தில் எடுக்க ஆண்கள் அணிக்குத் தலா 4 கோடி ரூபாய். பெண்கள் அணிக்கு 2 கோடி. ஜெயித்த ஆண்கள் அணிக்கு 3 கோடி பரிசு. பெண்களுக்கு ஒன்றரைக் கோடி. யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல எல்லாமே சரிபாதி! ஏலத்தில் அதிக விலை போன இந்திய வீரர் ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம். வீராங்கனை உதிதாவுக்கு 32 லட்சம். இதில் பாதிகூட இல்லை. இரண்டாவது பருவத்திலும் பெண்களுக்கு நான்கே அணிகள். அதில் ஒடிசா வாரியர்ஸ் என்ற பெயரே இல்லை. சாம்பியன் பட்டம் வாங்கிய பெயருக்கே ஒரு வருடம்தான் ஆயுள்.

“கூட்டம் வராது, விளம்பரம் வராது, அப்புறம் காசு எப்படி வரும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்கள் ஹாக்கி மட்டும் மார்க்கெட்டில் தானாக விலை போகிறதா? 2013-ல் தொடங்கிய அவர்கள் லீக் 2017-க்குப் பிறகு நின்றே போயிற்று. ஏழு வருடம் கழித்துத்தான் உயிர் வந்தது. 2018-லிருந்து தேசிய அணிகளைத் தாங்கிப் பிடித்தது ஒடிசா அரசின் பணம். அரசுப் பணம் என்றால் அதில் நம் வீட்டுப் பெண்கள் கட்டும் வரியும் உண்டு. ஆண்கள் விஷயத்தில் “ஹாக்கியை வளர்க்கணும்” என்கிறோம். பெண்கள் என்றதும் “முதல்ல நீ சம்பாதிச்சுக் காட்டு” என்கிறோம்.

ஜெயித்துக் காட்டவில்லையா? 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் பாஸ்கரன் தலைமையில் ஆண்கள் தங்கம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அதே மாஸ்கோவில்தான் பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. தங்கம் வாங்கிய ஜிம்பாப்வேயோடு 1-1 என்று டிரா செய்த நம் பெண்கள் நான்காவது இடம். அதன் பிறகு அவர்கள் ஒலிம்பிக்கில் ஆட 36 வருடம் ஆனது. 2021-ல் டோக்கியோவில் மறுபடி நான்காவது. லீக் எதுவும் இல்லாமலே! 2024 ஜனவரியில் இதே ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று பாரிஸ் வாய்ப்பை இழந்தார்கள். தோற்றவர்களுக்கு எதற்கு லீக் என்று கேட்பவர்கள், இவர்களுக்கு வருடம் முழுக்க எத்தனை பெரிய மேட்ச் கொடுத்தோம் என்றும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வாருங்கள். ஆண்கள் லீக்கில் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ இருந்தது. 2025 இறுதியில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பையைச் சென்னையிலும் மதுரையிலும் கோலாகலமாக நடத்தினோம். நல்ல விஷயம். கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரனும் அரியலூரிலிருந்து கார்த்தியும் இந்திய அணிக்குப் போனது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் பெண்கள் லீக்கின் இரண்டு பருவத்திலும் தமிழ்நாட்டுப் பெயரில் ஓர் அணி இல்லை. கிரிக்கெட்டில் 2023-ல் பெண்கள் பிரீமியர் லீக் வந்தபோதும் மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உ.பி. என்றுதான் அணிகள். விசில் போடும் சென்னை அதிலும் இல்லை.

பௌர்ணமி இரவில் எங்கள் ஊரில் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றுகிற பெண்களைப் பாருங்கள். பொம்பளைக்கு உடம்பு தாங்காது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அதே வீட்டுப் பெண், சாயங்காலம் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறேன் என்றால் மட்டும், “இருட்டறதுக்குள்ள வந்துடு, இதெல்லாம் எதுக்கு?” என்கிறோம். லீக்கில் கோடியைப் பாதியாக வெட்டுவதற்கு முன்னால் வீட்டில் நாமே வெட்டிவிடுகிறோம்.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்: பெண்கள் லீக்கில் தமிழ்நாட்டுக்கு ஓர் அணி, மாவட்ட மைதானங்களில் பெண்களுக்கென்று மாலை நேரம், பெண் பயிற்சியாளர். உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். உங்கள் மகள் ஹாக்கி ஸ்டிக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். அவள் ஆடும்போது போய் நின்று கை தட்டுங்கள்.

அர்த்தநாரீஸ்வரர் கோலத்தில் பாதி என்றால் சமபங்கு. அரை விலை இல்லை. அடுத்த தீபத்துக்கு வரும்போது அதையும் நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.