ஐந்து பேராகப் போனோம்

 

"பிள்ளை இன்னும் காலேஜுலயே சேரலை. அதுக்குள்ள எதுக்குப்பா குடும்பத்தோட ஒரு பயணம்?" என்று போன வாரம் பெரிய மாமா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. ஊருக்கே சொல்ல வேண்டிய விஷயமும் அதில் ஒன்று இருந்ததால் மடலாகவே எழுதுகிறேன்.

மகளுக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு ஆகஸ்ட் கடைசியில்தான். ஆனால் இந்த நாட்டில் அதற்கு முன்பே கோடை விடுமுறையில் பிள்ளையை ஒரு தடவை வரச் சொல்லிவிடுகிறார்கள். ஓரியன்டேஷன் என்று பெயர். முதல் பருவத்துக்கு என்னென்ன பாடம் எடுப்பது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிப் பதிய வேண்டும், அடையாள அட்டை வாங்க வேண்டும். பெற்றோருக்கு அன்றைக்கே தனிக் கூட்டம்.

முதலில் நான், மனைவி, மகள் மூன்று பேர் போவதாகத்தான் இருந்தது. ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கும் அம்மா ஒரே வார்த்தையில் அதைக் கலைத்தாள். "நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போவாகளா?" அதனால் அம்மாவும் புறப்பட்டாள், மகளின் தம்பியும் புறப்பட்டான். காலையில் எட்டு மணிக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும் என்பதால் முதல் நாள் இரவு தங்க அறை. எலுமிச்சம்பழச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டி, மோர் மிளகாயைத் தனி டப்பாவில் எடுத்து வைத்தோம். நம் ஊரிலிருந்து திருச்செந்தூருக்கு வேன் பிடிக்கிற அதே அமளிதான்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சிக்கல். இந்த மாநிலத்தில் தடுப்பூசி விவரம் கொடுக்காமல் கல்லூரியில் படிக்க முடியாது. மற்றதெல்லாம் இங்கே போட்டது, கணினியில் இருந்தது. குழந்தையில் போட்ட முத்தடுப்பு ஊசியின் தேதிகள் மட்டும் இல்லை. அது நம் ஊர் துணை சுகாதார நிலையத்தில் போட்டது. தங்கச்சி மாப்பிள்ளை நம் வீட்டு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே அந்த அட்டையைக் கண்டுபிடித்துப் படம் அனுப்பினார். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. மூன்று தேதியும் நர்ஸக்காவின் முத்து முத்தான கையெழுத்தில் தப்பியிருந்தன. அந்த அக்கா இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சிகாகோவிலிருந்து தெற்கே சுமார் 220 கிலோமீட்டர். அரோராவில் இருக்கும் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். 57-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், இல்லாவிட்டால் சோயா. கறுப்பு மண். "விளாத்திகுளம் ரோடு மாதிரில்ல இருக்கு" என்றாள் அம்மா. நிலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று இங்கே அடியில் குழாய் பதித்து வெளியேற்றுகிறார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒரு மழைக்காக வானத்தைப் பார்த்தே வயசான மனுஷி எப்படி நம்புவாள்?

கூட்டத்தில் எங்களுக்குச் சொன்னதில் பாதி விடுதி, சாப்பாடு, பேருந்து. முதல் வருடம் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட விடுதியில்தான் தங்க வேண்டுமாம். நல்லதுதான். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. 1974-ல் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பிள்ளை கல்லூரிக்குள் காலெடுத்து வைத்ததும் மதிப்பெண் விவரமெல்லாம் பிள்ளைக்கே உரியது. அவள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான் பொதுவாக எங்களுக்குக் காட்டுவார்கள். பணம் கட்டுவது நான், மார்க்கைப் பார்க்க மகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும்! பக்கத்து நாற்காலி வெள்ளைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் அதை என்னை எதிரே உட்காரவைத்து, மதிப்பாகச் சொன்னார்கள். அப்போதுதான் அப்பா நினைவு வந்தது. 1998-ல் என்னைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்க்க வந்தபோது மஞ்சப்பையோடு வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வா என்று அவரை யாரும் கூப்பிடவில்லை, போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. பணம் கட்டிய ரசீதை நான் கொண்டுவந்து காட்டியதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். நான்கு வருடம் நான் எந்தக் கட்டடத்தில் படித்தேன் என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது.

நாங்கள் கூட்டத்தில் இருந்த நேரம் அம்மாவும் பையனும் வளாகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மதியம் தேடிப் போனால், கட்டடங்களுக்கு நடுவே ஒரு சின்ன மக்காச்சோள வயலின் ஓரத்தில் அம்மா நிற்கிறாள். மாரோ பிளாட்ஸ் என்று அதற்குப் பெயர். 1876-லிருந்து நடக்கிற ஆராய்ச்சி வயல். நிழல் விழுந்து பயிர் கெடக்கூடாது என்று 1969-ல் பக்கத்து நூலகத்தையே மண்ணுக்கடியில் கட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. குனிந்து குருத்தைப் பார்த்தாள். 2018-ல் நம் காட்டையெல்லாம் மொட்டையடித்த படைப்புழுவைத் தேடுகிறாள் என்று புரிந்தது. புழு இல்லை. பிறகு, வெளிறிக் குட்டையாக நின்ற ஒரு பாத்தியைக் காட்டி, "இது எரு காணாத மண்ணு. வருஷாவருஷம் இதையே போட்டிருக்கான்" என்றாள். பலகையைப் படித்தேன். நூற்றைம்பது வருஷமாக எருவே போடாமல், மாற்றுப் பயிரும் இல்லாமல் மக்காச்சோளம் மட்டும் விதைத்துவரும் பாத்தி அங்கே உண்டு என்று போட்டிருந்தது. மகள் அன்றைக்குக் கற்ற முதல் பாடம் அதுதான், ஆச்சியிடம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து இந்த வருஷமும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பொறியியல் கவுன்சலிங்குக்கு இப்போது சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைன். ஆனால் பிள்ளை நான்கு வருஷம் இருக்கப்போகும் இடத்தை வீட்டார் பார்ப்பதில்லை. "ஒருநா கூலி போயிரும்" என்பார்கள். "எனக்கு அங்க என்ன புரியும்" என்பார்கள். முதல் நாள் பெற்றோரை அரங்கில் உட்காரவைத்து உரை கேட்கவைக்கும் கல்லூரிகளும் உண்டு. கேட்டுவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். விடுதியில் குழாயைத் திறந்து பாருங்கள். வார்டன் நம்பரை வாங்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வாசல் பெட்டிக்கடையில் கேளுங்கள். படிக்காத அம்மாவாக இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். நமக்குத் தெரியாதது அவள் கண்ணுக்குத் தெரியும்.

ஆவணிக் கொடைக்கு வழக்கமாக அனுப்பும் பணத்தை இந்த வருஷமும் அனுப்புகிறேன். அதில் பாதியை, பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போகும் வேன் வாடகைக்கும், கூட வருகிறவர்களின் ஒருநாள் கூலிக்கும் ஒதுக்குங்கள். மைக்செட் ஒரு நாள் குறைந்தால் அம்மன் கோபிக்க மாட்டாள். ஊர்க் கூட்டத்தில் பேசி, எத்தனை பிள்ளைகள், எந்தெந்தக் கல்லூரி என்று எழுதி அனுப்புங்கள். வேனில் மூன்று பேராக மட்டும் ஏறாதீர்கள்.