வெளிநடப்பு வாக்காகுமா?

முத்தலாக் மசோதா சட்டமாகி ஆண்டுகள் பல சென்றுவிட்டன. ஆயினும் அதைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. தாம்பரத்தில் ஒரு நிக்காஹ் வைபவத்தில் என் பழைய மாணவர் ஒருவர், இப்போது குரோம்பேட்டையில் கடை வைத்திருப்பவர், அதையே சொன்னார்: “ஹஜ்ரத், அவர்கள் எதிர்த்துத்தானே பேசினார்கள்? ஆதரித்து வாக்களிக்காமல் வெளியேறியும் விட்டார்கள். இன்னும் என்ன செய்ய வேண்டும்?”

“உட்கார்ந்திருக்க வேண்டும்” என்றேன். அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லி ஒரு பெண்ணின் வாழ்வை முறிப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அத்தகைய பெண்களின் கண்ணீரை மதரஸா வாசலில் கண்டவன் நான். ஆனால் அச்சொல் செல்லாது என்று 2017 ஆகஸ்ட் 22 அன்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. செல்லாத சொல்லுக்கு மூன்றாண்டுச் சிறை எதற்கு? சிறையில் இருப்பவன் மனைவி மக்களுக்கு ஜீவனாம்சம் எங்ஙனம் கொடுப்பான்? தெரிவுக் குழு இவற்றை ஆராயட்டும் என்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் விடாப்பிடியாக நின்றன. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் மசோதா அங்கே நகரவில்லை. 2019இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

இதனை முட்டுக்கட்டை என்று இகழ்ந்தார்கள். முட்டுக்கட்டை எப்போதும் புனிதமானதன்று, ஒப்புக்கொள்கிறேன். 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதாவை வீழ்த்தியதும் இதே அவைதான். ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கின் மூன்றிலொரு பகுதி குறைந்தது! மன்னர்களுக்காக நான் கண்ணீர் சிந்த மாட்டேன். ஆனால் எதிர்த்தவர்கள் இருக்கையில் இருந்து எதிர்த்தார்கள். எவர் எந்தப் பக்கம் என்பதை நாடு அறிந்தது. அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. அதன்பின் மானியமும் ஒழிந்தது.

2019 ஜூலையில் நடந்தது என்ன? 25ஆம் தேதி மக்களவையில் அ.இ.அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினர் ஓ.பி. இரவீந்திரநாத் குமார் புதிய மசோதாவை ஆதரித்துப் பேசினார். 30ஆம் தேதி மாநிலங்களவையில் அதே கட்சியின் நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேசினார். ஒரு கட்சிக்கு ஒரே வாரத்தில் இரண்டு கொள்கை! பேசி முடித்து வெளியேறினார்கள். ஐக்கிய ஜனதா தளத்தாரும் வெளியேறினார்கள். ஆதரவு 99, எதிர்ப்பு 84.

தங்கள் கைகளில் கறை இல்லை என்று அவர்கள் எண்ணக்கூடும். அவையில் இருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு என்கிறது அரசியலமைப்புச் சட்டம். எனவே எழுந்து போகும் ஒவ்வொருவரும் எதிராளி தாண்ட வேண்டிய வேலியை ஒரு முழம் தாழ்த்திவிட்டே போகிறார். அன்று அ.இ.அ.தி.மு.க.வுக்கு அவையில் 11 இடங்கள். ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6. இந்தப் பதினேழும் எதிர்த்து விழுந்திருந்தால் எதிர்ப்பு 101. அது 99ஐவிடப் பெரிது என்பதை என் வகுப்பின் சிறு பிள்ளையும் சொல்லும். (அன்று அவைக்கே வராதிருந்த வேறு கட்சியினரைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது.)

காழியின் முன் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவன் எழுந்து வெளியே போய்விட்டால், அவன் பொய் சொல்லவில்லைதான். ஆனால் சாட்சியத்தை மறைத்தவன் என்றே மார்க்கம் அவனைக் கருதும்.

ஜூலையில் எழுந்து போன கால்கள் டிசம்பரில் போகவில்லை. 2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா அதே அவையில் 125க்கு 105 என்று நிறைவேறிற்று. அ.இ.அ.தி.மு.க.வின் 11 வாக்குகளும் ஆதரவுப் பக்கம்! அவை மட்டும் இடம் மாறியிருந்தால் 114க்கு 116. முஸ்லிம்களை மட்டுமா, இலங்கைத் தமிழ் அகதிகளையும் வாசலிலேயே நிறுத்திய மசோதா அது. தமிழகத்துக் கட்சி அதற்குக் கை தூக்கிற்று.

மாநிலங்களவைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழகத்தின் 18 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் நம் சட்டமன்ற உறுப்பினர்களே. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் சோழிங்கநல்லூரிலும் அவர்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்து வாக்குக் கேட்கிறார்கள். ரமலானில் பள்ளிவாசலுக்கு வந்து நோன்புக் கஞ்சியும் அருந்துகிறார்கள். அடுத்த முறை கஞ்சிக் கோப்பையை நீட்டும்போது ஜமாஅத்தார் ஒன்று கேளுங்கள்: “ஐயா, உங்கள் கட்சி தில்லிக்கு அனுப்பும் மனிதர், வாக்கெடுப்பு மணி அடிக்கும்போது எங்கே இருப்பார்?”