எந்த வி.பி.என். நல்லது என்று கேட்பவரிடம்

எர்ணாவூர், எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் நெட் இணைப்பு, கணினி, போன் வேலை பார்க்கும் நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, நல்லதா ஒரு வி.பி.என். போட்டுக் கொடுங்க. நான் என்ன பாக்குறேன்னு யாருக்கும் தெரியக் கூடாது." உடனே ஆப் ஸ்டோரில் கண்ணில் படும் இலவச ஆப் ஒன்றை இறக்கி, திரையின் மேலே சாவிப் படம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடும் வழக்கம் நம் தொழிலில் பரவியிருக்கிறது. இதை நிறுத்த வேண்டும்.

யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது சாதாரணமாக ஜியோவுக்கோ, ஏர்டெலுக்கோ, லோக்கல் இணைப்புக்காரருக்கோ தெரியும். வி.பி.என். போட்டால் அது அவர்களுக்குத் தெரியாமல் போய், வி.பி.என். கம்பெனிக்குத் தெரியும். தளத்துக்கும் நம் ஐபி முகவரிக்குப் பதில் அந்தக் கம்பெனியின் முகவரிதான் போகும். இதற்கு மேல் அது எதையும் மறைப்பதில்லை.

கடன் ஆப்காரன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்துகிறான் என்று கலங்கி வருகிற பெண்ணுக்கு வி.பி.என். எந்த வகையிலும் உதவாது. போனில் இருந்த நம்பர்களை எடுக்க அந்த ஆப்புக்கு அனுமதி கிடைத்திருந்தது, எடுத்துக்கொண்டான். அனுமதிகளை நீக்குவதும், ஆதாரங்களைப் படம் பிடித்து வைப்பதும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதியச் சொல்வதும்தான் அவருக்கு நாம் செய்ய வேண்டிய வேலை.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தேவை உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் கரையோரம் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில், ஏதோ ஓர் ஆலைக்குள் வேலை செய்யும் ஒருவர் தான் கண்ட குறையை வெளியே சொல்ல நினைத்து நம்மிடம் வரலாம். அவருக்கு நாம் தரும் அரைகுறை பதில் அவர் வேலையையே பறித்துவிடும். கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் கண்காணிப்பு மென்பொருள் இருந்தால், வி.பி.என். போட்டாலும் திரையில் ஓடுவது அதற்குத் தெரியும். வாட்ஸ்அப் செய்தி ஏற்கெனவே பூட்டித்தான் போகிறது. ஆனால் குழுவில் இருப்பவர்களுக்கு அவருடைய நம்பர் தெரியும். சொந்த போன், சொந்த டேட்டா, கம்பெனி வைஃபையைத் தொடாமல் இருப்பது ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். வி.பி.என். அதற்குப் பிறகுதான்.

சரி, தேவை உண்மையானதுதான் என்று தெரிந்துவிட்டது. எதைத் தேர்வது? மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவை நாம் எல்லோரும் படித்திருக்க வேண்டும். வி.பி.என். நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி, எதற்காக வாங்கினார் என்ற காரணம் வரை சரிபார்த்து, அவர் விலகிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. லாக் வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்த எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்டு, புரோட்டான் ஆகிய வி.பி.என். கம்பெனிகள் அந்த ஆண்டே இந்திய சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ் பட்டியலில் "இந்தியா" என்று காட்டியவை சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் ஓடின. இந்த உத்தரவு குற்றவாளியைவிட சாதாரண மனிதரின் அந்தரங்கத்தைத்தான் அதிகம் பாதித்தது என்பது இந்த இதழின் கருத்து. திருத்தப்படும் வரை, சர்வர் உண்மையில் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்காமல் யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

லாக் இல்லை என்று விளம்பரத்தில் யாரும் எழுதலாம். சோதனை வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸார் முல்வாட் வி.பி.என். கம்பெனியின் அலுவலகத்துக்கு வாரண்டோடு போய், எடுத்துச்செல்ல வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் திரும்பினார்கள். மறுபக்கம், 2013-இல் ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ. பாதுகாப்பு என்று சொல்லி இலவசமாகக் கொடுத்த அந்த வி.பி.என்., மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தை ஃபேஸ்புக்குக்கே சேர்த்தது. அதற்காக 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இலவச ஆப்பை இறக்கிக் கொடுக்கும் முன் இதை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

போட்டுக் கொடுத்த பிறகு சோதிக்காமல் அனுப்பாதீர்கள். நம் பகுதியில் ஜியோ சிம் அதிகம். ஜியோ பெரும்பாலும் ஐபிவி6-இல் ஓடுகிறது. வி.பி.என். போட்டுவிட்டு ஐபி காட்டும் தளம் ஒன்றைத் திறங்கள். ஐபிவி4 வரியில் சிங்கப்பூர் என்று வரும். கீழே ஐபிவி6 வரியில் ஜியோ, சென்னை என்று அப்படியே நின்றால், மறைப்பதாக நினைத்தது ஒன்றும் மறையவில்லை. ஆண்ட்ராய்டு வி.பி.என். ஆப்கள் 283-ஐ 2016-இல் ஆராய்ந்தவர்கள், அவற்றில் 84 சதவீதம் ஐபிவி6-ஐக் கசியவிடுவதாகக் கண்டார்கள். டிஎன்எஸ் கசிவையும் அதே இடத்தில் பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் "எப்போதும் இயக்கத்தில்" என்பதையும், வி.பி.என். இல்லாதபோது இணைப்பைத் தடுக்கும் பொத்தானையும் போட்டுவிடுங்கள். இத்தனையும் ஐந்து நிமிட வேலை.

மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டு, லாரி புக்கிங், கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகங்களுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து அலுவலகக் கணக்கைத் திறக்க மாதச் சந்தா வி.பி.என். தேவையில்லை. ஒரு நிலையான ஐபி வாங்கி, ரவுட்டரிலோ சிறிய லினக்ஸ் பெட்டியிலோ வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருளைப் போடுங்கள். 2020-இலிருந்து அது லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. ஆளுக்கொரு சாவி கொடுங்கள், வேலையை விட்டுப் போனவரின் சாவியை அன்றே நீக்குங்கள். இப்படி நிறுவனங்கள் தமக்கென நடத்தும் வி.பி.என்.-க்கு அந்த வாடிக்கையாளர் பதிவு விதி பொருந்தாது என்று செர்ட்-இன் தன் விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. ஆனால் கணினி லாக்குகளை 180 நாள் வைக்கும் விதியும், ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் விதியும் கம்பெனிகளுக்கு உண்டு. பராமரிப்பு ஒப்பந்தத்தில் அவற்றை எழுதி வையுங்கள். பழைய ரவுட்டர்களில் பிபிடிபி என்ற பழைய வி.பி.என். முறை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள். அதன் பூட்டை உடைக்கும் வழி 2012-லேயே வெளியாகிவிட்டது.