இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (சுருக்கமாக டிராய்) என்பது இந்தியாவில் தொலைபேசி, இணையம், ஒளிபரப்பு ஆகிய சேவைகளை ஒழுங்குபடுத்தும் சட்டமுறை அமைப்பாகும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் 1997-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று இது நிறுவப்பட்டது. இதன் தலைமையகம் புது தில்லியில் அமைந்துள்ளது. கட்டணம், சேவைத் தரம் ஆகியவற்றில் இவ்வாணையம் தானே ஆணை பிறப்பிக்கலாம். உரிமம், அலைக்கற்றை ஆகியவற்றில் அரசுக்குப் பரிந்துரைக்க மட்டுமே இயலும். ஆணையத்தின் தன்னாட்சி குறித்த விவாதங்களில் பல இவ்வேறுபாட்டிலிருந்து எழுந்தவையாகும்.

வரலாறு

1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, தொலைபேசிச் சேவையில் தனியாருக்கு இடமளித்தது. அப்போது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை கொள்கை வகுத்தது; உரிமம் வழங்கியது; பெரும்பாலான பகுதிகளில் தொலைபேசிச் சேவையையும் தானே நடத்தியது. போட்டியாளர்களுள் ஒருவரே நடுவராகவும் இருக்கும் நிலை முறையாகாது என்பதால், தனி ஒழுங்குமுறை அமைப்பு தேவைப்பட்டது.

தொடக்கத்தில் ஆணையத்துக்குத் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரமும் இருந்தது. நீதிபதி எஸ். எஸ். சோதி இதன் முதல் தலைவராவார். உரிமம் வழங்கும் அரசின் அதிகாரத்தில் ஆணையம் தலையிட இயலாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. இதனால் ஏற்பட்ட இழுபறியைத் தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டு சனவரியில் அவசரச் சட்டம் மூலம் ஆணையம் மாற்றி அமைக்கப்பட்டது. தகராறுகளை விசாரிக்கும் பணி, தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்வு மற்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்னும் புதிய அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 2004-இல் ஒளிபரப்பும் கம்பிவடத் தொலைக்காட்சியும் ஆணையத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன.

அமைப்பு

ஆணையத்தில் ஒரு தலைவரும், இரண்டு பேருக்கு மிகாத முழுநேர உறுப்பினர்களும், இரண்டு பேருக்கு மிகாத பகுதிநேர உறுப்பினர்களும் இருப்பர். இவர்களை மத்திய அரசு நியமிக்கிறது. பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் அல்லது 65 வயது நிறைவு, இவற்றுள் எது முன்னதோ அதுவரை ஆகும். 2003 முதல் தலைவர்களாக நியமிக்கப்பட்டவர்கள் அனைவரும் அரசுப் பணியில் உயர் பதவி வகித்தவர்களே. தனியார் துறை அனுபவம் உள்ளவர்களும் நியமிக்கப்பட 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வழிசெய்கிறது.

ஆணையத்துக்கு உதவும் செயலகம் ஒரு செயலரின் கீழ் இயங்குகிறது. சேவைத் தரம், ஒளிபரப்பு, நிதி மற்றும் பொருளாதாரப் பகுப்பாய்வு, நுகர்வோர் நலன், சட்டம் முதலிய பிரிவுகள் ஆலோசகர்களின் பொறுப்பில் உள்ளன. ஆணையத்தின் செலவுகளுக்கு மத்திய அரசு மானியம் வழங்குகிறது.

அதிகாரங்களின் பகிர்வு

* தொலைத்தொடர்புத் துறை: கொள்கை வகுத்தல், உரிமம் அல்லது அனுமதி வழங்குதல், அலைக்கற்றை ஒதுக்கீடு.
* ஆணையம்: கட்டணம், நிறுவனங்களுக்கிடையிலான இணைப்பு, சேவைத் தரம் ஆகியவற்றுக்கான விதிகள், ஏனையவற்றில் பரிந்துரை.
* தீர்ப்பாயம்: அரசு, நிறுவனங்கள், நுகர்வோர் குழுக்கள் இடையிலான தகராறுகள், ஆணையத்தின் ஆணைகள் மீதான மேல்முறையீடு. இதற்கு மேல் உச்ச நீதிமன்றத்தை அணுகலாம்.

புதிய நிறுவனத்துக்கு உரிமம் அளிக்கும் முன் அரசு ஆணையத்தின் பரிந்துரையைக் கேட்டாக வேண்டும். ஆனால் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. ஆணையம் 60 நாட்களுக்குள் பரிந்துரைக்க வேண்டும். அரசுக்கு உடன்பாடில்லையெனில் அதனைத் திருப்பி அனுப்பும். ஆணையம் 15 நாட்களில் மறுமொழி தரவேண்டும். அதன்பின் முடிவு அரசினுடையது. கொள்கை தொடர்பாக ஆணையத்துக்குக் கட்டளையிடவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒரு பொருள் கொள்கை சார்ந்ததா என்ற ஐயம் எழுந்தால், அதிலும் அரசின் முடிவே இறுதியானது.

முடிவெடுக்கும் முறை

ஆணையம் வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. அதன்படி ஒவ்வொரு பொருளிலும் முதலில் கலந்தாய்வு ஆவணம் வெளியிடப்படுகிறது. பின்னர் பொதுமக்களும் நிறுவனங்களும் எழுதும் கருத்துகள், அவற்றுக்கான எதிர்க்கருத்துகள், பொது விவாதக் கூட்டம் என்ற வரிசையில் பணி நடைபெறுகிறது.

நடைமுறை எடுத்துக்காட்டுகள்

இணையத்தள உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுபட்ட தரவுக் கட்டணம் வசூலிப்பதை 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் தடை செய்தது. ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஃபிரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவில் இதனால் நின்றது. இது கட்டணம் தொடர்பானது என்பதால் அரசின் ஒப்புதல் தேவைப்படவில்லை.

இடையில் துண்டிக்கப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்று அழைப்புகள் வரை இழப்பீடு தரவேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டு விதிமுறையை உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் நீக்கியது. ஆணையத்தின் சொந்த அதிகாரமும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்பதை இத்தீர்ப்பு காட்டியது.

மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் கம்பிவடத் தொலைக்காட்சி வணிகத்தில் ஈடுபடக் கூடாது என 2012-இல் ஆணையம் பரிந்துரைத்தது. ஆயினும் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு 2017 ஏப்ரலில் மத்திய அரசு எண்ணியல் ஒளிபரப்பு உரிமம் வழங்கியது. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு இது சான்றாகும்.

விமர்சனங்கள்

நியமனம், நிதி ஆகிய இரண்டும் அரசின் கையில் இருப்பது தன்னாட்சிக்குத் தடை எனக் கருதப்படுகிறது. அரசே தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் நடத்துவதால் இக்கேள்வி வலுப்பெறுகிறது. ஆணையத்தில் பணியாற்றியவர்கள் பின்னர் அரசுப் பதவி ஏற்பதற்கு இருந்த முழுத் தடை 2014-இல் தளர்த்தப்பட்டதும் விவாதத்துக்குள்ளானது. முன்னாள் தலைவர் நிருபேந்திர மிசுரா பிரதமரின் முதன்மைச் செயலராக நியமிக்கப்படுவதற்காக இத்திருத்தம் செய்யப்பட்டது. பரிந்துரை கேட்கும் கட்டாயத்தை நீக்க 2022-ஆம் ஆண்டு வரைவு மசோதா முன்மொழிந்தது. எதிர்ப்புக்குப் பின், 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

நுகர்வோர் முறையீடுகள்

ஆணையம் தனிநபர் முறையீடுகளை விசாரிப்பதில்லை. வாடிக்கையாளர் முதலில் தமது நிறுவனத்தின் முறையீட்டு மையத்தையும், பின்னர் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பையும் அணுக வேண்டும். நுகர்வோர் மன்றங்களையும் நாடலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்தது.